தேயும் பணம்: ஆல்பர்ட்டாவும் வோர்கலும்

பொருளின் விலையில் கூலியோடு மூலப்பொருள், வங்கிச் செலவும் சேர்கிறது. மக்கள் கைக்கு வருவதோ கூலியும் லாபப்பங்கும்தான். இந்தப் பள்ளத்தை அரசே மக்களுக்கு ஈவுத்தொகை தந்து நிரப்பச் சொன்னது பிரிட்டிஷ் பொறியாளர் டக்ளஸின் சமூகக் கடன் கோட்பாடு. அந்த ஈவுத்தொகையாக மாதம் 25 டாலர் என்ற வாக்குறுதியுடன் ஆபர்ஹார்ட் என்பவரின் கட்சி 1935இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 63 இடங்களில் 56ஐ வென்றது. ஆனால் அவரது அரசு 1936இல் அச்சிட்டதோ, ஜெர்மன் சிந்தனையாளர் கெசெல் சொன்ன தேயும் பணம், அதாவது கையில் வைத்திருந்தால் செலவு வைக்கும் பணம்! 1 டாலர் சீட்டு செல்லுபடியாக, வைத்திருப்பவர் வாரம் 1 சென்ட் வில்லை வாங்கி அதில் ஒட்ட வேண்டும், ஆண்டுக்கு 52%. யார் வைத்திருப்பார்கள்?

ஆஸ்திரியாவின் வோர்கல் நகரம் 1932இல் வெளியிட்ட இதே வகைச் சீட்டில் வில்லைச் செலவு மாதம் 1% மட்டுமே. அதைவிட முக்கியம், நகராட்சியே சீட்டை வரியாக வாங்கிக்கொண்டது. ஆல்பர்ட்டா அரசோ தன் சீட்டையே வரிக்கு ஏற்கவில்லை. அங்கேதான் நம்பிக்கை உடைந்தது. வோர்கல் சீட்டை மக்கள் கைவிடவில்லை, 1933இல் மத்திய வங்கி நிறுத்தியது.