கையடக்க ஒளிர்வுமானி: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

பசுங்கணிகம் (இலைச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம்) படும் பாட்டை இலையைக் கிள்ளாமலே காட்டும் கருவி இது. கிளிப்பை மாட்டி, இலையின் அந்தப் பகுதியை 20 நிமிடம் இருட்டில் வைத்து அளந்தால், ஒளிச்சேர்க்கையின் உச்சத் திறனைக் குறிக்கும் எண் (Fv/Fm) நலமான இலைக்கு 0.83 அருகே வரும். நிழலில் வளர்ந்த என் தக்காளிச் செடியைக் கடும் வெயிலுக்கு மாற்றிய அன்று 0.61 காட்டியது. இலை பார்வைக்குப் பச்சையாகத்தான் இருந்தது! காரணம், ஒளி மிகும்போது ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான டி1 என்ற புரதம் சிதைகிறது. புதிதாகக் கட்டும் வேகம் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. அந்தப் புரதத்துக்கான மரபணு பசுங்கணிகத்துக்குள்ளேயே இருப்பதால் பழுதுபார்ப்பும் அங்கேயே நடக்கிறது. நிழலுக்குத் திருப்பினேன், மூன்றாம் நாள் 0.79. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், வறட்சியின் தொடக்கத்துக்கு இதை நம்பாதீர்கள். செடி வாடிய பிறகும் எண் அசையவில்லை. கிளிப்பின் ஸ்பிரிங்கும் கொஞ்சம் இறுக்கம். இளம் இலையில் தழும்பு விழுகிறது.