இயக்க உருவகப்படுத்தலில் சென்சார்களும் மோதல் கண்டறிதலும்: 11 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கார் உடற்பகுதித் தகடுகளைச் சேர்த்துப் பிடித்து ஸ்பாட் வெல்டிங் செய்வதற்கான ஃபிக்சர்களை வடிவமைப்பது என் பணி. கடந்த 11 ஆண்டுகளாகக் கேட்டியா வி5 என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் டிஎம்யூ கினமாட்டிக்ஸ் பகுதியை (பாகங்களின் அசைவைத் திரையில் ஓட்டிப் பார்க்கும் பகுதி) ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் பயன்படுத்தி வருகிறேன். ஒரு ஃபிக்சரில் பத்து, பன்னிரண்டு நியூமேட்டிக் கிளாம்புகள் (காற்றழுத்தத்தால் இயங்கும் பிடிப்பான்கள்) இருக்கும். ஒவ்வொன்றின் கையும் 90 முதல் 120 பாகை வரை திறந்து, வெல்டிங் முடிந்த பாகம் தடையின்றி வெளியே வர வழிவிட வேண்டும். கை திரும்பும் பாதையில் தகட்டின் மடிப்போ, பக்கத்துக் கிளாம்போ, சுவிட்ச் பிராக்கெட்டோ குறுக்கிடுகிறதா என்பதை இரும்பை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள இந்த மென்பொருளின் சென்சார்களும் மோதல் கண்டறிதலும் உதவுகின்றன. எந்த அளவுக்கு உதவுகின்றன, எந்த இடத்தில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதையே இங்கே பதிவு செய்கிறேன்.

புதிதாகச் சேரும் இளைஞர்கள் முதலில் குழம்புவது ‘சென்சார்’ என்ற சொல்லில்தான். ஃபிக்சரின் மீது தகடு வந்து அமர்ந்ததை உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் வேறு. மென்பொருளில் சென்சார் என்பது மெக்கானிசம் ஓடும்போது ஒரு மதிப்பைத் தொடர்ந்து குறித்துக்கொள்ளும் ஏற்பாடு. ஒரு ஜாயிண்ட்டின் (இரு பாகங்கள் இணைந்து அசையும் இடம்) கோணம், ஒரு புள்ளியின் வேகம், முடுக்கம், இரண்டு பாகங்களுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம் ஆகியவற்றை அது பதிவு செய்து வரைபடமாகக் காட்டும். கோப்பாகச் சேமித்து எக்செல்லிலும் திறக்கலாம். ஆனால் தூரத்தைக் கண்காணிக்க வேண்டுமானால், முன்கூட்டியே அந்த இரண்டு பாகங்களுக்கு இடையே அளவெடுத்து, அந்த அளவை மாடலிலேயே தங்கவைத்து, பிறகு சென்சார் பட்டியலில் அதைத் தேர்வு செய்திருக்க வேண்டும். தேர்வு செய்யாத அளவு பதிவாவதில்லை. நாம் கேட்காத கேள்விக்கு இங்கே விடை கிடைக்காது.

மோதல் கண்டறிதலுக்கு மூன்று நிலைகள் உண்டு: அணைத்து வைப்பது, மோதலைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து ஓடுவது, மோதியவுடன் நின்றுவிடுவது. கினமாட்டிக்ஸில் விசை என்ற கணக்கே இல்லை என்பதால், முதல் நிலையில் ஒரு கை மற்றொரு கையின் ஊடாகத் தடையின்றிக் கடந்து செல்லும். திரையில் இயக்கம் வழவழப்பாக ஓடுவதைக் கண்டு ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவு செய்துவிடும் ஆபத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது.

போயிங் 777 விமானத்தை 1990-களில் கேட்டியாவில் வடிவமைத்தபோது, பாகங்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்பதைக் கணினியிலேயே சோதித்ததை மோதல் சோதனையின் பெரும் வெற்றியாக இன்றும் குறிப்பிடுவார்கள். ஆனால் அசையாமல் நிற்கும் அசெம்பிளியில் இடிப்பைத் தேடுவதும், நகரும் மெக்கானிசத்தில் தேடுவதும் ஒன்றல்ல. நகரும்போது மென்பொருள் பார்ப்பது தொடர்ச்சியான இயக்கத்தை அல்ல. ஸ்டெப் ஸ்டெப்பாக எடுத்த நிலைகளை மட்டுமே. இந்த உண்மையை நான் ஒரு தவறின் மூலம் கற்றுக்கொண்டேன்.

எனது மூன்றாம் ஆண்டில், 105 பாகை திறக்கும் ஒரு கிளாம்ப் கையை 20 ஸ்டெப்பில் ஓட்டிப் பார்த்து, மோதல் இல்லை என்று அறிக்கை எழுதினேன். ட்ரையவுட் நாளில், அதாவது செய்து முடித்த ஃபிக்சரை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த நாளில், கையின் முனையில் இருந்த 10 மி.மீ. தடிமனுள்ள விரல், வழியில் நின்ற 3 மி.மீ. தகட்டு பிராக்கெட்டை இடித்து வளைத்துவிட்டது. அன்று மாலையே கணக்குப் போட்டேன். சுழல் மையத்திலிருந்து முனை 250 மி.மீ. தொலைவில் இருந்தது. 105 பாகையை 20-ஆல் வகுத்தால் ஒரு ஸ்டெப்புக்கு 5.25 பாகை, அப்படியானால் முனை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் சுமார் 23 மி.மீ. தாவுகிறது. விரலும் பிராக்கெட்டும் சேர்ந்தே 13 மி.மீ.தான். ஒரு நிலையில் விரல் பிராக்கெட்டுக்கு இந்தப் பக்கமும், அடுத்த நிலையில் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறது. இரண்டு நிலைகளிலும் மோதல் இல்லை என்பது உண்மையே. அதே மாடலை 80 ஸ்டெப்பில் ஓட்டியபோது தாவல் 6 மி.மீ.க்கும் கீழே இறங்கியது. மோதல் உடனே சிவப்பாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து ஸ்டெப் எண்ணிக்கையை மனம்போன போக்கில் வைப்பதில்லை. மையத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள புள்ளி ஒரு ஸ்டெப்பில் எவ்வளவு நகரும் என்று முதலில் கணக்கிட்டு, அது வழியிலுள்ள மிக மெல்லிய பொருளின் தடிமனும் நகரும் பாகத்தின் தடிமனும் சேர்ந்த அளவில் பாதிக்கும் குறைவாக இருக்கும்படி வைக்கிறேன். கணினிக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பெரிய அசெம்பிளியில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடச் சொன்னால் ஓட்டம் தவழத் தொடங்கிவிடும். ஆகவே நகரும் கையை ஒரு தொகுதியாகவும், அதன் பாதையைச் சுற்றியுள்ளவற்றை மற்றொரு தொகுதியாகவும் பிரித்து, இவ்விரண்டுக்கும் இடையே மட்டும் சோதிக்கிறோம். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. கீல் முள்ளும் அதன் புஷ்ஷும் எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கும் பாகங்கள். அவற்றையும் சோதனையில் சேர்த்தால் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் எச்சரிக்கை வந்து, உண்மையான மோதல் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும்.

பொய்யான மோதல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாகங்களை விஷுவலைசேஷன் நிலையில் (பார்வைக்கான எளிய வடிவமாக மட்டும்) ஏற்றியிருக்கும்போது, மென்பொருள் வளைபரப்புகளைச் சிறு சிறு முக்கோணங்களாகவே வைத்திருக்கிறது. முக்கோணம் உண்மையான வளைவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதை ‘சாக்’ என்ற அளவு தீர்மானிக்கிறது. அது 0.2 மி.மீ. என்று இருந்தால், 10 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை வட்டமாக இல்லாமல் ஏறக்குறைய பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட பலகோணமாக மாறிவிடுகிறது. 10.05 மி.மீ. துளைக்குள் 10 மி.மீ. லொக்கேட்டிங் பின் (தகட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் முள்) நுழையும் இடத்தில் அந்தப் பலகோணத்தின் பக்கங்கள் பின்னை வெட்டும். இல்லாத மோதல் திரையில் தெரியும். சாக் அளவை 0.01-க்குக் குறைத்தால் பக்கங்கள் ஐம்பதாகப் பெருகி இந்தத் தொல்லை பெரிதும் அடங்கும். ஆனால் நினைவகம் அதிகம் தேவைப்படும். முழு ஃபிக்சருக்கும் குறைக்காமல், துல்லியம் தேவைப்படும் சில பாகங்களுக்கு மட்டும் குறைப்பதே என் வழக்கம்.

இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், மோதல் கண்டறிதலை விட தூரம் அளக்கும் சென்சாரையே சொல்வேன். மோதல் சோதனை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்கிறது; தூர வரைபடம் எந்த இடத்தில் எவ்வளவு நெருங்குகிறது என்று சொல்கிறது. கடந்த ஆண்டு ஒரு கதவுத் தகட்டு ஃபிக்சரில், மோதல் சோதனை எல்லா நிலைகளிலும் சுத்தமாக முடிந்த பிறகு, கைக்கும் தகட்டின் மடிப்புக்கும் இடையே தூரச் சென்சார் வைத்து ஓட்டினேன். வரைபடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தாராளமான இடைவெளி இருந்தது. ஆனால் கை 38 பாகை திறக்கும் இடத்தில் கோடு சரிந்து 2.4 மி.மீ.யைத் தொட்டு மீண்டும் ஏறியது. எங்கள் விதி 5 மி.மீ. இடைவெளி. சுழல் மையத்தை 8 மி.மீ. பின்னுக்குத் தள்ளியதும் சரிவு 6 மி.மீ.க்கு மேலேயே நின்றது. மோதல் சோதனையோடு நிறுத்தியிருந்தால் அந்த 2.4 மி.மீ. யாருக்கும் தெரியாமலே உற்பத்திக்குப் போயிருக்கும்.

வேகத்தையும் முடுக்கத்தையும் சென்சாரில் காண வேண்டுமானால், கோணத்தை மாற்றும் கமாண்டைத் திரையில் கையால் நகர்த்தி ஓட்டுவது போதாது. கோணம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைச் சூத்திரமாக எழுதி, அந்த விதிப்படி ஓட்ட வேண்டும். நாங்கள் முடுக்கத்தை அதிகம் பார்ப்பதில்லை. ஆனால் நேர விதியை வேறொரு தேவைக்காகப் பயன்படுத்துகிறோம். திரையில் இரண்டு கிளாம்புகளும் ஒரே கணத்தில் திறக்கின்றன. தொழிற்கூடத்தில் காற்றுக் குழாயின் நீளமும் காற்றோட்டத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வின் திருகும் எது முந்தும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரு கை அரை வினாடி பிந்துவது போலவும், பிறகு மற்றது பிந்துவது போலவும் விதிகளை மாற்றி மூன்று முறை ஓட்டுகிறேன். ஒன்றின் பாதையில் மற்றொன்று குறுக்கிடும் அமைப்புகள் அப்போதுதான் வெளிப்படுகின்றன.

இடையே ஓராண்டு சாலிட்வொர்க்ஸ் என்ற மற்றொரு வடிவமைப்பு மென்பொருளிலும் வேலை செய்தேன். அசெம்பிளியில் ஒரு பாகத்தைப் பிடித்து இழுக்கும்போதே மோதியவுடன் நின்றுவிடும் வசதியும், இழுக்க இழுக்க இடைவெளியைக் காட்டும் வசதியும் வடிவமைப்பின் தொடக்க நாள்களில் மிக இதமானவை. முழுத் திறப்புச் சுழற்சியையும் பதிவு செய்து சோதிக்க வேண்டிய கட்டத்தில், பழக்கத்தின் காரணமாகவும் இருக்கலாம், எனக்குக் கேட்டியாவே கைகொடுக்கிறது.

இந்தச் சோதனைகளில் வராதவை சில உண்டு. காற்றுக் குழாய்களும் மின்கம்பிகளும் பெரும்பாலும் மாடலில் இருப்பதில்லை. தகடு வெல்டிங் சூட்டில் சற்று முறுக்கிக்கொள்வதும் கணக்கில் வராது. உயரத்தைச் சரிசெய்ய அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைப் பற்றி நான் தாமதமாகவே யோசித்தேன். ஃபிக்சரை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யும்போது, கிளாம்பின் அடியில் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று ஷிம்களைக் கூட்டியும் குறைத்தும் வைப்பார்கள். அப்போது கையின் சுழல் மையமே இடம் பெயர்கிறது. அதனால் இப்போது ஷிம் அதிகபட்சமாகக் கூடிய நிலை, முழுவதும் எடுத்துவிட்ட நிலை என்று இரண்டு முனைகளிலும் தூர வரைபடத்தை எடுத்து, குறைந்த எண்ணையே ஃபிக்சரின் டிராயிங்கில் எழுதித் தருகிறேன். ட்ரையவுட்டில் கையை மிகவும் நெருங்கும் கோணத்தில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) அளப்பவருக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.