மூன்று முறை திருப்பி அனுப்பிய டாக்டர்

எங்கள் பொம்மிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்த இடம் கோவையில், வடவள்ளிப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன க்ளினிக். நல்லதோடு குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த நான்கும், ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் எங்களைத் திருப்பி அனுப்பிய மூன்று தடவைகளுக்காக.

பொம்மி லேப்ரடார். ஐந்தாம் மாதத்திலேயே 17 கிலோ. தடுப்பூசி போடப் போன வேறொரு இடத்தில், "ஆறு மாசத்துக்குள்ள முடிச்சிருங்க மேடம், இல்லைன்னா மார்புல கேன்சர் வந்திரும்" என்று தேதியே குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அட்வான்ஸ் இரண்டாயிரம் கட்டியாயிற்று. (திரும்ப வரவில்லை.) பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் இந்த டாக்டரிடம் இன்னொரு முறை கேட்டுவிடலாம் என்று போனோம்.

அவர் பொம்மியை மேசை மேல் ஏற்றவே இல்லை. தரையில் உட்கார்ந்து, அவள் பின்னங்காலை என் கையில் கொடுத்து முட்டியை மெதுவாக மடக்கச் சொன்னார். "எலும்போட முனையில இன்னும் வளர்ற குருத்தெலும்பு இருக்குதுங்க. வளர்ச்சி போதும்னு அதுக்குச் சொல்றதுல கருமுட்டைப் பையில சுரக்கிற ஹார்மோனுக்கும் பங்கு இருக்கு. அதை இப்பவே எடுத்துட்டா, கால் நிக்க வேண்டிய இடத்துல நிக்காது, கொஞ்சம் கூடுதலா நீளும். மூட்டோட கோணம் மாறும், முட்டிக்குள்ள இருக்கிற தசைநார் மேல பாரம் விழும்" என்றார். பொமரேனியன், பக் மாதிரி சின்ன நாய்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லையாம். இருபது கிலோவைத் தாண்டப் போகிற நாய் என்றால்தான் நாள் பார்க்க வேண்டும் என்றார்.

ஆதாரம் கேட்டேன். நான் வங்கியில் கடன் பிரிவில் இருபது வருஷம் இருந்தவள், காகிதம் இல்லாமல் நம்ப மாட்டேன். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடைப் பள்ளி 2020-ல் 35 இனங்களை வைத்து வெளியிட்ட ஆய்வைக் கணினியில் திறந்து காட்டினார். கருத்தடை செய்யாத லேப்ரடார்களில் மூட்டுக் கோளாறு சுமார் 6 சதவீதம். ஒரு வயதுக்குள் செய்த பெண் லேப்ரடார்களில் 11, 12 சதவீதம். பெண் லேப்ரடாருக்குப் பதினோரு மாதம் தாண்டட்டும் என்கிறது அந்த ஆய்வு. ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் கிட்டத்தட்ட இரண்டு வயது வரை பொறுக்கச் சொல்கிறது.

அப்படியானால் கேன்சர்? அந்தப் பயம் 1969-ல் வந்த ஓர் ஆய்விலிருந்து வருகிறது. முதல் ஹீட்டுக்கு (பெண் நாய் இணை சேரத் தயாராகி ரத்தம் கசியும் பருவம்) முன் செய்தால் ஆபத்து 0.5 சதவீதம், ஒரு ஹீட் கழித்து 8, இரண்டு கழித்து 26. இவை செய்யாத நாயின் ஆபத்தை நூறு என்று வைத்து ஒப்பிட்ட கணக்கு. நூறு நாயில் இருபத்தாறுக்கு வரும் என்று அர்த்தமில்லை. 2012-ல் இதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆதாரம் பலவீனம் என்றே எழுதினார்கள். டாக்டர் அதைப் பொய் என்று சொல்லவில்லை. "ஒரு ஹீட் பொறுக்கலாம். மூணு நாலுன்னு இழுக்காதீங்க, அப்புறம் கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிற பயம் இருக்குது" என்றார். முதல் தடவை திரும்பினோம்.

பத்தாவது மாதம் ஒரு காலை, ஹால் தரையில் ரத்தச் சொட்டு. "பெரிய மனுசி ஆயிட்டாடி என் கண்ணு" என்று அத்தை நிஜமாகவே வெல்லம் போட்டு உளுந்தங்களி கிண்டினார். அடுத்த மூன்று வாரம் களியை விட முக்கியமான வேலை கேட்டைப் பூட்டுவது. ஆறு ஆண் நாய்கள் வாசலில் முறை வைத்துக் காவல் இருந்தன. ஒன்று காம்பவுண்ட் சுவரில் ஏறி உட்கார்ந்தே விட்டது. பொறுத்திருப்பதில் இந்தத் தொல்லையும் அடக்கம். ஆள் இல்லாத வீட்டுக்கு இது சரிப்படாது. தெரு நாய் என்றால் பொறுக்கும் பேச்சே கிடையாது, பிடித்ததும் தாமதிக்காமல் செய்துவிட வேண்டும் என்று டாக்டரே சொன்னார்.

நான்காம் நாளே பொறுமை போய், இப்போதே செய்துவிடுங்கள் என்று கூட்டிப் போனேன். இந்தச் சமயத்தில் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தப் போக்கு அதிகமாகும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். இரண்டாம் தடவை.

மூன்று மாதம் கழித்துப் போவதற்குள் வேறு கதை. அத்தையின் இடது கால் செருப்பைக் காணோம். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தால், பழைய துண்டைச் சுருட்டி மெத்தையாக்கி, நடுவில் செருப்பை வைத்து, அதைச் சுற்றி வளைந்து படுத்து நக்கிக்கொண்டிருக்கிறாள். கையை நீட்டினால் உறுமல். பிறந்ததிலிருந்து எங்களைப் பார்த்து உறுமாத நாய். அழுத்தினால் காம்பில் பால் வந்தது. பொய்ச்சினை, அதாவது சினையாகாமலே சினையான மாதிரி உடம்பு நடந்துகொள்வது. பால் இருக்கும்போது கருமுட்டைப் பையை எடுத்தால் இந்த நிலை நீடித்துவிடலாம் என்று மூன்றாம் தடவையும் அனுப்பினார். காம்பைத் தொடாதீர்கள், தொட்டால் இன்னும் சுரக்கும் என்று மட்டும் சொன்னார். செருப்பை அவளிடமே விட்டுவிட்டோம். மூன்று வாரத்தில் அவளே மறந்தாள்.

பதினைந்தாம் மாதம், 28 கிலோவில், ஆபரேஷன். முன்பே ரத்தப் பரிசோதனை: உண்ணிக் காய்ச்சலுக்கும் சேர்த்து, ஏனென்றால் அதில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது. கேஸ் மயக்க மருந்து, தையல், வலி ஊசி எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். முதல் இடத்தில் சொன்னதைவிட நாலாயிரம் கூட. எனக்கு வருத்தமில்லை. சாயங்காலமே தள்ளாடியபடி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

குறைந்த ஒரு நட்சத்திரம் எங்கே போனது? டோக்கன் கிடையாது. ஆறரைக்கு வரச் சொன்னால் எட்டே காலுக்குத்தான் உள்ளே விடுவார்கள். பூனைக்கும் நாய்க்கும் ஒரே பெஞ்ச். கழுத்துக் கூம்பை ஒரு சைஸ் சின்னதாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், இரண்டாம் நாளே எட்டிப் பார்த்துத் தையலை நக்க ஆரம்பித்தாள். இரவு பத்து மணிக்கு ஃபோன் அடித்தால் எடுக்க ஆளில்லை. கடைசியில் என் வீட்டுக்காரரின் பழைய பனியனை மாட்டி, பின்பக்கம் முடிச்சுப் போட்டுத்தான் பதினான்கு நாளும் ஓட்டினோம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது ராஜபாளையம், ஆண், எட்டு மாதம். அந்த 35 இனங்களில் ராஜபாளையம் இல்லை. "பட்டியல் இல்லைன்னா நாயைத்தான் பார்க்கணும்" என்று மாதம் ஒருமுறை உயரமும் எடையும் எழுதி வரச் சொல்லியிருக்கிறாராம் டாக்டர். இரண்டு மாதம் உயரம் ஏறாமல் நின்றால் அப்புறம் பேசலாமாம். நோட்டுப் போட்டு எழுதுகிறார் மனுஷன். போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அன்றுதான் கூட்டம் குறைவு.