தமிழின் ‘தன்’னும் ஆங்கிலத்தின் ‘செல்ஃப்’பும்: ஓர் ஒப்பீட்டு அலசல்

கிருஷ்ணகிரியில் மாலை நேரத்தில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், ஓசூர்த் தொழிற்சாலைகளில் என்றாவது ஒரு நாள் நேர்காணலுக்குப் போய் உட்கார வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். முதல் நாள் எழுந்து நின்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னால், ஏறக்குறைய எல்லோரும் ‘மைசெல்ஃப் முருகன்’ என்ற பாணியில்தான் தொடங்குவார்கள். நான் சிரிப்பதில்லை, ஏனென்றால் என் முதல் நேர்காணலில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். எதிரே இருந்த அதிகாரி புருவத்தை உயர்த்தி ‘ஹூ?’ என்று கேட்டபோது, அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலும் என்று எண்ணி, அதையே இன்னும் உரக்கச் சொல்லிவைத்தேன்.

இந்தப் பிழைக்கு வேர் தமிழிலேயே இருக்கிறது. ‘நான் முருகன்’ என்பது வினைச்சொல் ஏதுமின்றி நிறைவு பெறும் வாக்கியம். ஆங்கிலத்தில் ‘ஐ’க்கும் பெயருக்கும் இடையே ‘யாம்’ இல்லாமல் வாக்கியம் நிற்காது. ‘ஐ முருகன்’ என்று சொன்னால் ஏதோ குறைகிறது என்று காதே சொல்லிவிடுகிறது, ஆனால் ‘மைசெல்ஃப் முருகன்’ என்னும்போது அந்தச் சொல்லின் நீளமே குறையை மூடிவிடுகிறது. இந்தியா முழுவதும் புழங்கும் வழக்கு இது, கேட்பவருக்குப் பொருளும் விளங்கிவிடும். இருந்தாலும் நேர்காணலில் ‘ஐ யாம் முருகன்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். ‘மை நேம் இஸ் முருகன்’ என்பதிலும் குற்றமில்லை. தொலைபேசியில் மட்டும் ‘திஸ் இஸ் முருகன்’ என்பதே இயல்பு. ‘மைசெல்ஃப்’ தனியாக எழுவாயாக நிற்கும் சொல்லன்று, அது வாக்கியத்தில் முன்பே வந்துவிட்ட ‘ஐ’யைத் திரும்பிச் சுட்டுவதற்காக இருப்பது. இக்காலத் தமிழ் இலக்கண நூல்கள் இத்தகைய சொல்லைத் தற்சுட்டுப் பெயர் என்று சொல்வதும் அதனால்தான்.

‘ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்று விண்ணப்பத்தின் கடைசியில் எழுதுவதும் இதே வகைதான். ‘மீ’ என்ற ஓரசைச் சொல் மரியாதைக் குறைவாகத் தோன்றுவதால் பலர் நீளமானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் சிலர் அலுவலகக் கடிதங்களில் இப்படி எழுதத்தான் செய்கிறார்கள், ஆகவே இதற்காக நாம் மட்டும் வெட்கப்பட வேண்டியதில்லை. எழுதத்தான் வேண்டாம்.

ஆனால் ‘மைசெல்ஃப்’ பிழை ஒரு வாரத்தில் திருந்திவிடும், அதைவிட ஆழமாக வேரோடியிருக்கும் சிக்கல் ‘கொள்’ என்ற துணைவினையில் இருக்கிறது. ஒரு செயல் செய்தவனையே வந்து சேர்கிறது என்பதைத் தமிழ் பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலிலேயே சொல்லிவிடுகிறது: வெட்டினான், வெட்டிக்கொண்டான். வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து வரும், வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையைக் கேட்டால் ‘கோசுகுன்னாடு’ என்பான், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக்காரப் பிள்ளை ‘கொய்துகொண்ட’ என்பான். மூன்று மொழிகளிலும் வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரே துணைவினையின் வடிவங்கள்தான். ஆங்கிலத்தில் வினை அப்படியே இருக்கும், அந்தப் பொருளை ‘ஹிம்செல்ஃப்’ என்ற தனிச்சொல் வந்து சுமக்கும்: ‘ஹீ கட் ஹிம்செல்ஃப்’.

இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு, ‘கொள்’ வரும் இடமெல்லாம் ‘செல்ஃப்’ போடலாம் என்று கணக்குப் போடும் மாணவன்தான் மாட்டிக்கொள்கிறான். கற்றுக்கொண்டான் என்பதற்கு ‘ஹீ லேர்ன்ட்’ போதும், ‘ஹீ லேர்ன்ட் ஹிம்செல்ஃப்’ என்று எழுதினால் தவறு. தானாகவே கற்றுக்கொண்டான் என்று சொல்ல வேண்டுமானால் வினையையே மாற்றி ‘ஹீ டாட் ஹிம்செல்ஃப்’, அதாவது தனக்குத்தானே கற்பித்துக்கொண்டான் என்று எழுத வேண்டும். ஒப்புக்கொள்ளுதல், புரிந்துகொள்ளுதல், திருமணம் செய்துகொள்ளுதல், உட்கார்ந்துகொள்ளுதல் ஆகிய எதற்கும் ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ கிடையாது. அறிமுகப்படுத்திக்கொள்ளுதலுக்கும் தற்காத்துக்கொள்ளுதலுக்கும் கட்டாயம் உண்டு. ‘அவன் தனக்கு ஒரு செல்போன் வாங்கிக்கொண்டான்’ என்பதற்கு ‘ஹீ பாட் ஹிம்செல்ஃப் எ ஃபோன்’ என்பது பொருந்தும். அங்கே ‘ஹிம்’ என்று எழுதினால் செல்போன் வேறொருவன் கைக்குப் போய்விடும்.

மாங்காய்ப் பருவத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தோட்டத்தில் வேலை செய்துவிட்டு விரலில் கட்டோடு வகுப்புக்கு வந்த ஒரு மாணவர், ‘ஐ கட் மை ஹேண்ட் மைசெல்ஃப்’ என்று விளக்கினார். அவர் சொல்ல நினைத்தது ‘கையை வெட்டிக்கொண்டேன்’ என்பது. ஆங்கிலம் கேட்பவருக்கோ, வேறு யாருமில்லை, நானேதான் என் கையை வெட்டினேன் என்று, வேண்டுமென்றே செய்தது போலக் கேட்கும். உடலுறுப்பைச் சொல்லிவிட்டால் ‘ஐ கட் மை ஹேண்ட்’ என்பதோடு நிறுத்திவிட வேண்டும், உறுப்பைச் சொல்லாவிட்டால் ‘ஐ கட் மைசெல்ஃப்’. இரண்டையும் சேர்த்து வைத்தால் ‘மைசெல்ஃப்’ அழுத்தச் சொல்லாக மாறிவிடுகிறது. கூடவே இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘வெட்டிக்கொண்டிருந்தான்’ என்பதிலும் ‘கொண்டு’ இருக்கிறது என்றாலும், அங்கே அது செயலின் தொடர்ச்சியைக் குறிக்கிறதே ஒழிய, செய்தவனைத் திரும்பிச் சுட்டவில்லை.

‘கொள்’ பன்மையில் வரும்போது பொருள் வேறு பக்கம் திரும்பும். ‘மாட்டுச் சந்தையில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள்’ என்றால் ஒருவரையொருவர் அடித்தார்கள் என்றே நாம் புரிந்துகொள்கிறோம். அதற்கு ‘ஈச் அதர்’ வேண்டும். ‘தெம்செல்வ்ஸ்’ என்று எழுதினால் இருவரும் அவரவர் தலையில் அடித்துக்கொண்டதாக ஆகும். மாட்டு விலையைக் கேட்டால் அதுவும் நடக்கக்கூடியதுதான்.

இனி ‘தன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். தன்மை, முன்னிலைகளில் தமிழுக்குத் தனியான தற்சுட்டு வடிவம் இல்லை, ‘நான் என்னைக் கண்ணாடியில் பார்த்தேன்’ என்று சாதாரண ‘என்னை’யே போதுமானதாக இருக்கிறது. படர்க்கையில்தான் தான், தாம் இரண்டும் வருகின்றன. தொல்காப்பியம் முன்னதை ஒருமைக்கும் பின்னதைப் பன்மைக்கும் உரியதாக வகுத்திருக்கிறது. ஆங்கிலமோ மூவிடத்துக்கும் ‘செல்ஃப்’ வடிவங்களை வைத்திருக்கிறது. எண்ணிக்கையில் அது நம்மை மிஞ்சினாலும், எவ்வளவு தொலைவு எட்டிச் சுட்ட முடியும் என்பதில் நம் ‘தன்’னிடம் தோற்றுவிடுகிறது. அதை நான் கண்ணெதிரே பார்த்தது ஒரு புகார்க் கடிதத்தில்.

மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு மண்டிக்காரர் ஒருவர் பணம் தராமல் இழுத்தடித்தார். தோப்புக்காரரின் மகன் என் மாணவர். தந்தை வாய்மொழியாகச் சொன்னதை அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். தமிழில் அது ‘மண்டிக்காரர் தன்னை ஏமாற்றிவிட்டதாக என் அப்பா சொல்கிறார்’ என்று இருந்திருக்கும், தந்தைதான் ஏமாந்தவர் என்பதில் தமிழ் படிக்கும் யாருக்கும் ஐயம் வராது. ஆங்கிலத்தில் அவர் எழுதியிருந்தது: ‘மை ஃபாதர் சேஸ் தட் தி ட்ரேடர் சீட்டட் ஹிம்செல்ஃப்’. வியாபாரி தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டார் என்று பொருள். புகாரே தலைகீழாகி, மண்டிக்காரர்மீது இரக்கம் வரும்படி ஆகிவிட்டது.

காரணம் இதுதான். தமிழின் ‘தன்’, ‘மண்டிக்காரர் தன்னை ஏமாற்றிவிட்டதாக’ என்ற உள்வாக்கியத்தின் வேலியைத் தாண்டி, வெளியே இருக்கும் ‘என் அப்பா’ வரை போய்ச் சுட்டும். ஆங்கில ‘ஹிம்செல்ஃப்’ தன் வேலிக்குள் இருக்கும் எழுவாயைத்தான் பார்க்கும், உள்வாக்கியத்தின் எழுவாய் வியாபாரி. ஆகவே இங்கே சரியான தேர்வு சாதாரண ‘ஹிம்’. ஆனால் அந்த ‘ஹிம்’ தந்தையைக் குறிக்கலாம், வெளியில் இருக்கும் மூன்றாவது ஆளையும் குறிக்கலாம், சூழலைப் பார்த்துத்தான் தெளிய வேண்டும். உடைமைச் சொல்லிலும் நாம்தான் ஒருபடி மேல். ‘முருகன் குமரனிடம் தன் தோட்டத்தைக் காட்டினான்’ என்றால் தோட்டம் முருகனுடையது. ‘ஹிஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் யாருடைய தோட்டம் என்று ஒருவர் கேட்கலாம், ‘ஹிஸ் ஓன்’ என்று சேர்த்துத்தான் ஓரளவு தெளிவாக்க முடியும்.

முன்னிடைச் சொற்களுக்குப் பின்னாலும் ‘செல்ஃப்’ எப்போதும் வருவதில்லை. ‘அவள் குடையைத் தன்னுடன் எடுத்துச் சென்றாள்’ என்பது ‘வித் ஹெர்’தான், ‘ஹெர்செல்ஃப்’ அன்று.

அழுத்தத்துக்கு வரும் ‘செல்ஃப்’ நமக்கு அவ்வளவு தொல்லை தருவதில்லை. ‘கலெக்டரே வந்தார்’ என்பதற்கு ‘தி கலெக்டர் ஹிம்செல்ஃப் கேம்’ என்று பிள்ளைகள் தயக்கமின்றி எழுதிவிடுகிறார்கள், நம் ஏகாரத்தின் வேலையை அது செய்கிறது. ‘கதவு தானே திறந்தது’ என்றால் மட்டும் ‘பை’ என்ற சொல்லை முன்னால் சேர்த்து ‘பை இட்செல்ஃப்’ என்று எழுத வேண்டும். தனியாக வாழ்கிறான் என்பதற்கும் ‘பை ஹிம்செல்ஃப்’ பொருந்தும், ‘அலோன்’ என்பதும் தவறில்லை. எழுதும்போது இடைவெளியிலும் கவனம் தேவை: ‘அவன் தானே போனான்’ என்பதில் அவன் யாரும் சொல்லாமல் போனான், ‘அவன்தானே போனான்’ என்பதில் போனது அவன்தான் இல்லையா என்று நாம் கேட்கிறோம். இந்த வேறுபாட்டை இடைவெளி விடாமலே கைபேசியில் தட்டச்சு செய்யும் தலைமுறையிடம் விளக்குவது ஆங்கில இலக்கணத்தைவிடக் கடினமாக இருக்கிறது.

‘மை’யோடு சேர்ந்து ‘மைசெல்ஃப்’ என்றால் ‘ஹிஸ்’ஸோடு சேர்ந்து ‘ஹிஸ்செல்ஃப்’ ஏன் இல்லை என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ பெயர்ச்சொல்லுக்கு அழுத்தம் தரும் அடைமொழியாக இருந்தது, சாதாரண ‘ஹிம்’ போன்றவையே செய்தவனைத் திரும்பிச் சுட்டவும் பயன்பட்டன. இரண்டும் ஒன்றாக ஒட்டி இறுகியபோது சிலவற்றில் உடைமை வடிவமும் சிலவற்றில் செயப்படுபொருள் வடிவமும் நிலைத்துவிட்டன. ‘ஹிஸ்செல்ஃப்’ வட்டார வழக்குகளில் இன்னும் இருக்கிறது, தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கடைசியாக ‘யுவர்செல்ஃப்’, ‘யுவர்செல்வ்ஸ்’. இன்றைய பொது ஆங்கிலத்தில் ஒருவரையும் பலரையும் ‘யூ’ என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள், ஆனால் தற்சுட்டில் மட்டும் ஒருமையும் பன்மையும் பிரிந்து நிற்கின்றன. நம்மவருக்கு ‘நீங்கள்’ பன்மையும் ஆகும், மரியாதை ஒருமையும் ஆகும். சென்ற வாரம் பிளாஸ்கில் தேநீரும் காகிதக் கோப்பைகளும் கொண்டுவந்த ஒரு மாணவர், மேசைமேல் அவற்றை வைத்துவிட்டு என் ஒருவனைப் பார்த்து, ‘ஹெல்ப் யுவர்செல்வ்ஸ், சார்’ என்றார். நான் ஒருவன் மட்டுமே இருப்பதால் ‘யுவர்செல்ஃப்’ என்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, ‘உங்களைப் போய் எப்படிச் சார் ஒருமையில் சொல்வது?’ என்று கேட்டார். ஒருமையில் சொன்னதை ஈடுகட்டத்தான் பின்னால் ‘சார்’ இருக்கிறதே என்று சொல்லிவிட்டு, கோப்பையில் தேநீரை ஊற்றிக்கொண்டேன்.