சுவரில் முட்டும் தெரு: கிருஷ்ணகிரியில் 12 வருட அனுபவம்

பழையபேட்டையில் வளர்ந்த நாங்கள் 2013-ல் ஊருக்கு வெளியே ஒரு லே-அவுட்டில் வீடு கட்டிக் குடிவந்தோம். 30 அடி ரோடு, 23 அடி ரோடு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அளந்தால் சரியாகவே இருந்தது. அந்த ரோடு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

எங்கள் தெரு ஒரு காம்பவுண்டு சுவரில் போய் முட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த நகர், அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாப். பஸ் ஹாரன் எங்கள் மாடிக்குக் கேட்கும். நேராகப் போனால் நாலு நிமிடம். மெயின் ரோட்டைச் சுற்றிப் போனால் இருபது. கொத்தமல்லிக் கட்டு வாங்கக்கூட வண்டியை எடுக்கிற வீடாகிவிட்டோம். பழையபேட்டையில் இருந்தவரை ஒரு சைக்கிள்தான் வைத்திருந்தோம். அங்கே ஒரு தெருவில் பந்தல் போட்டு அடைத்தாலும் பக்கத்துச் சந்தில் புகுந்து போய்விடலாம்.

ஒரு நகரின் தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இணைந்திருக்கின்றன என்று பார்க்க நகரமைப்பில் ஒரு கணக்கு உண்டு. ஒரு முனையிலிருந்து அடுத்த முனை வரை உள்ள தெருத் துண்டுகளை எண்ணி, சந்திப்புகளும் முட்டு முனைகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை கூடக் கூட, போக வழிகளும் கூடும். அமெரிக்காவில் சில ஊர்களில் புது மனைப்பிரிவுக்கு 1.2, 1.4 என்று குறைந்தபட்ச அளவே வைத்திருக்கிறார்கள். எங்கள் நகரைப் பேப்பரில் வரைந்து எண்ணினேன். 1-ஐக்கூடத் தொடவில்லை.

நடுவில் சில வருடம் நிம்மதியாக இருந்தது. யாரோ சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு உடைத்து, கீழே இரண்டு ஹாலோ பிளாக் கல்லைப் படியாகப் போட்டார்கள். கை வைத்துக் கை வைத்து அந்தச் செங்கல் விளிம்பு வழவழப்பாகிவிட்டது. முழங்கால் வலியுள்ள அம்மா முதலில் பையை அந்தப் பக்கம் வைப்பார், அப்புறம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. எங்கள் தெருவுக்கு அந்தச் சலுகை வந்து சேர்ந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

போன வருடம் திருட்டு பயத்தில் அதை அடைத்துவிட்டார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அன்றிலிருந்து அம்மா தனியாகச் சந்தைக்குப் போவதில்லை.

வெளியூர் போவதற்கு இந்த ஊரில் குறையே கிடையாது. பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று எல்லாத் திசைக்கும் நெடுஞ்சாலை இருக்கிறது. 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெங்களூருக்குக் காத்திருக்காமல் பஸ் ஏறலாம். ரயில்தான் இல்லை. திருப்பத்தூரிலிருந்து 1905-ல் வந்த குறுகிய அகல ரயில் பாதையைப் பிற்பாடு மூடியதோடு சரி. ரயில் பிடிக்க ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ்ஸில்தான் போகவேண்டும். எதற்கும் முதலில் அந்த ஸ்டாப்புக்கு நடந்தாக வேண்டும்.

மனை பார்க்கப் போகிறவர்கள் தெருவின் கடைசி வரை நடந்து பாருங்கள். சுவர் இருந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, வழி விடுவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நாலடி அகலத்தில் ஒரு திறப்பு, வண்டி நுழையாதபடி நடுவில் ஒரு கல், மேலே ஒரு தெருவிளக்கு. இதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். எங்கள் பக்கத்து வீடுகளில் கையெழுத்து வாங்கியாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் வாங்க ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.