சுய அறிமுகம் எழுதித் தரும் காரைக்குடிச் சேவை: என் மதிப்பீடு

டேட்டிங் செயலிகளுக்கான சுய அறிமுகத்தை எழுதித் தரும் காரைக்குடிச் சேவையொன்றை அண்மையில் பயன்படுத்தினேன், மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன். பம்பிள் 300 எழுத்துகளும் டிண்டர் 500 எழுத்துகளுமே அனுமதிப்பதால், ‘பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும்’ என்று எல்லாரும் எழுதுவதை முதலிலேயே நீக்கிவிட்டு, விடுமுறை நாளில் நான் உண்மையில் என்ன செய்வேன் என்று பொறுமையாகக் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்த வரிகள் இவை: ‘முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய பூட்டுகளைத் தேடுவேன், சாவி இல்லாதவற்றையே வாங்குவேன். நல்ல கந்தரப்பம் எங்கே கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?’ படிப்பவர் பதில் எழுதத் தொடங்க இதில் ஒரு பிடி இருக்கிறது.

நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) குடும்பத்தவரை, அவர்களின் குலப் பிரிவுகளைக் குறிக்கும் ஒன்பது கோயில்களுள் எது, எந்த ஊர் என்ற இரண்டை வைத்தே எளிதில் அடையாளம் கண்டுவிடலாம் என்பதால், அவற்றைப் பொதுக் குறிப்பில் சேர்க்க வேண்டாமென்று சேவையினர் தாங்களாகவே எச்சரித்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். வரன் பார்ப்பதற்கான குறிப்பில் அவை முதல் வரியிலேயே வேண்டும். இங்கே நம்பிக்கை வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

ஒளிப்படத் தேர்வில் அவர்கள் உதவுவதில்லை. ஆங்கில வடிவம் சற்று விறைப்பாக இருந்தது. சொன்னதும் மறுநாளே திருத்தித் தந்தார்கள்.