சூன்டோ ஜூப் நோவோ: பயிற்சி விமானிக்கு இந்த டைவ் கம்ப்யூட்டர் போதுமா?

டைவ் கம்ப்யூட்டர் என்பது தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கும் கைக்கருவி. அதன் விமர்சனம் என்றால் திரை, பேட்டரி, ஆழம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்த பதில் வேறு. ராணுவ விமானப் பயிற்சியில் இருக்கிற ஒருவர் விடுமுறையில் ஸ்கூபா போய்விட்டு வந்தால், திரும்ப எப்போது காக்பிட்டில் ஏறலாம்? அந்த ஒரு விஷயத்துக்கு சூன்டோ நிறுவனத்தின் இந்தக் கருவி எவ்வளவு உதவும் என்று பார்த்துத்தான் வாங்கினேன். பாதி உதவுகிறது. மீதிப் பாதியை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூப் நோவோ பார்க்க அழகாக இருக்காது. தடித்த வட்டம், ரப்பர் பட்டை, சுற்றி நான்கு பொத்தான்கள். கைக்கடிகாரம் மாதிரி கட்டிக்கொண்டு வெளியே போக முடியாது. ஆனால் டைவர் போடும் வெட்சூட் என்கிற தடித்த உடைக்கு மேலேயும் பட்டை எட்டும், கையுறை போட்ட விரலுக்கும் பொத்தான் அகப்படும், எண்கள் பெரிதாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் தானே விழித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றுக்கும், 50 சதவீதம் வரை ஆக்சிஜனைக் கூட்டிய நைட்ராக்ஸ் கலவைக்கும் கணக்குப் போடும். மூச்சடக்கி மூழ்குகிறவர்களுக்குத் தனி முறை உண்டு. பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். முதல் கம்ப்யூட்டர் வாங்குகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் மோட்டார் சைக்கிள், பாராசூட் குதிப்பு, மலையேற்றம், ஸ்கூபா இதெல்லாம் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். படிவம் ஒன்றை நிரப்பி எடுத்துக்கொண்டு பயிற்றுநர் முன்னால் போய் நின்றேன். ஸ்கூபாவின் அருமை பெருமைகளைச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்ததும் அவர் கையமர்த்திவிட்டார். “உனக்கு அது எவ்வளவு பிடிக்கும்னு நான் கேக்கல. கடைசியா தண்ணிய விட்டு எப்ப எந்திரிப்ப? அடுத்த பறப்பு எப்ப? இது ரெண்டையும் எழுதிக் குடு.” எழுதிக் கொடுத்தேன். வேறு கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இந்தக் கருவியை எடைபோடவும் அவருடைய அந்த இரண்டு கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீரிலிருந்து எழுந்ததும் திரையில் ஒரு சின்ன விமானப் படம் வரும். அது இருக்கும்வரை பறக்கக் கூடாது. ஆழத்தில் அழுத்தத்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரே அழுத்தம் குறைந்தால் குமிழியாக வெளிவரும் என்பதால்தான். பக்கத்திலேயே எத்தனை மணி நேரம் பாக்கி என்று எண் இறங்கிக்கொண்டே வரும். சூன்டோவின் கணக்கு இது: குறைந்தது 12 மணி நேரம், உடம்பில் கூடுதலாகக் கரைந்த நைட்ரஜன் வெளியேற அதற்கும் மேல் ஆகும் என்றால் அந்த நேரம். சுற்றுலா போய்விட்டுப் பயணிகள் விமானத்தில் ஊர் திரும்புகிறவரை நினைத்துப் போட்ட கணக்கு. டைவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரையும் கிட்டத்தட்ட இந்த வகைதான். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம். ஒரே நாளில் பல, அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் 18. மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேறுவதற்காகக் கட்டாய நிறுத்தம் போட வேண்டியிருந்த டைவ் என்றால் இன்னும் அதிகம்.

ஆனால் ராணுவ விமானிகளுக்கு அமெரிக்கக் கடற்படையும் சரி, விமானப்படையும் சரி, விதித்திருப்பது 24 மணி நேரம். எங்களுக்கும் அதே கணக்குதான். அமெரிக்கக் கடற்படை விதியில் அந்த 24 மணி நேரத்துக்குள் உயரத்தின் குறைந்த அழுத்தத்தைத் தரையிலேயே பழக்கும் தாழ்வழுத்த அறைப் பயிற்சியும் கூடாது. அமெரிக்க விமானப்படை இன்னும் ஒரு படி மேலே போய், தரையில் நிற்கும் விமானத்துக்குள் 10 நிமிடத்துக்கு மேல் அழுத்தச் சோதனையில் உட்கார்ந்திருந்தவரையும் இதே கணக்கில் சேர்க்கிறது. உடம்புக்கு, அழுத்தம் கடலில் ஏறினால் என்ன, இரும்புக் கூட்டுக்குள் ஏறினால் என்ன?

இந்த இடைவெளியில்தான் சிக்கல். ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு மேலே வந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் அதிகாலை 3 மணிக்கே விமானப் படம் அணைந்திருக்கலாம். காலை 7 மணிக்கு முதல் பறப்பு. கட்டிலில் கிடந்தபடி திரையைப் பார்த்தால் பளிச்சென்று சுத்தமாக இருக்கும். விதிப்படி பார்த்தால் அன்று பிற்பகல் 3 மணி வரை நீங்கள் தரையில்தான். கருவி சொன்னது பொய் இல்லை. அது வேறு ஆளுக்கான பதில். சூன்டோ இதில் 24 மணி நேரம் என்று நாமே பூட்டிவைக்க ஒரு வசதி கொடுத்திருந்தால் விமானிகள் எல்லோரும் இதையே வாங்குவார்கள். அது இல்லாததால் நான் கடைசியாக எழுந்த நேரத்தைப் பறப்புக் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறேன். விமானப் படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

24 மணி நேரம் அதிகப்படி என்று நினைக்கிறவர்கள் பயிற்சி விமானத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பயணிகள் விமானம் எவ்வளவு உயரத்தில் போனாலும் உள்ளே காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்துக்கு உரியதற்குக் கீழே இறங்காது. நாங்கள் ஓட்டும் தொடக்கநிலை விமானத்தில் அந்த வசதியே கிடையாது. 10,000 அடியில் பறந்தால் உடம்பும் 10,000 அடியில்தான் இருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்கூட, 8,000 அடிக்கு மேல் பறப்பதாக இருந்தால் எந்த ஸ்கூபா டைவுக்குப் பிறகும் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. அது சொல்வது விமானத்தின் உண்மையான உயரத்தை, உள்ளே இருக்கிற அழுத்தத்தை அல்ல. நைட்ரஜன் குமிழி மூட்டில் போய் உட்கார்ந்தால் வலி. மூளையிலோ தண்டுவடத்திலோ என்றால் கதையே வேறு. அதை அனுபவிக்க ஒற்றை ஆளாகப் பறக்கும் நேரமா கிடைத்தது?

இனி இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாத ஒரு விஷயம்: காது. நைட்ரஜனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் ஸ்கூபா போன பயிற்சியாளர் ஒருவரைப் படை மருத்துவர் தரையில் உட்கார வைக்கிறார் என்றால் பெரும்பாலும் அதற்குக் காரணம் காதோ சைனஸோதான் என்பது எங்கள் கூட்டத்தில் நான் பார்த்த நிலவரம். கடலில் வெறும் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. நடுக்காதில் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும். வானத்தில் அதே விகித மாற்றத்துக்கு 18,000 அடி உயரத்திலிருந்து கடல்மட்டம் வரை இறங்கி வர வேண்டும். அவ்வளவையும் டைவர் ஒரு நிமிடத்தில், கயிற்றைப் பிடித்தபடி, மூக்கைப் பொத்தி ஊதிக்கொண்டே கடந்துவிடுகிறார். லேசாகச் சளி இருந்தாலும் போச்சு. செவிப்பறை ரத்தம் கட்டிச் சிவந்துவிட்டால் 24 மணி நேரம் எல்லாம் ஒரு கணக்கே இல்லை. அது ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் பேட்ச் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். நைட்ராக்ஸ் போட்டு நைட்ரஜனைக் குறைத்தாலும் காதுக்கு ஒரு லாபமும் கிடையாது. மூச்சடக்கி மூழ்குவதுதானே என்று அலட்சியமாக இருப்பவருக்கும் இதே ஆபத்துதான்.

இதனால்தான் தடைப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஸ்கூபாவுக்குப் படிவம், பாராசூட்டுக்குப் படிவம். மாலையில் மைதானத்தில் நடக்கும் கால்பந்துக்கு ஒன்றும் கிடையாது. கேட்டால் அது உடற்பயிற்சியாம். கணுக்கால் பிசகினால் ரட்டர் பெடலை எப்படி மிதிப்பது? தோள்பட்டை எலும்பு விலகினால் இருக்கைப் பட்டையை எப்படி இறுக்கிக் கட்டுவது? பயிற்சிப் பறப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. நடுவில் சில வாரம் விட்டுப்போனால் பழகியதையே திரும்பப் பறந்து காட்ட வேண்டும். அதற்கு விமானமும் பயிற்றுநரும் வேண்டும். கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயரைக் கேட்டதும் பயமுறுத்துகிற பொழுதுபோக்கைப் பிடித்துக்கொண்டு, தினமும் ஆளை நொண்ட வைப்பதை விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் குறை. படிவமும் கருவியும் பிடித்து வைத்திருக்கும் ஸ்கூபாவாவது ஓர் ஒழுங்கில் நடக்கிறது.

அந்த ஒழுங்கில் ஜூப் நோவோவுக்கும் பங்கு உண்டு. நிமிடத்துக்கு 10 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறினால் கத்தித் தீர்த்துவிடும். மேலே வரும்போது 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தைத் தானே எண்ணிக் காட்டும். கட்டாய நிறுத்தத்தை மீறி மேலே வந்தால் பிழை நிலைக்குப் போய், 48 மணி நேரத்துக்கு டைவ் கணக்கே போடாது. ஆர்ஜிபிஎம் என்கிற இதன் கணக்கு முறை கொஞ்சம் கஞ்சத்தனமானது. தொடர்ச்சியாக டைவ் போட்டால் மற்றவர்களின் கருவி கொடுப்பதைவிடக் குறைவான நேரமே கொடுக்கும். பொழுதுபோக்கு டைவருக்கு அது எரிச்சல். திங்கட்கிழமை பறக்கப் போகிறவருக்கு அது வரவு. போதாதென்று P1, P2 என்று இன்னும் இறுக்கிக்கொள்ளவும் வழி உண்டு. நான் P1இல் வைத்திருக்கிறேன்.

விடுதியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒருத்தர் வாங்கினால் போதும், எல்லோரும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்ற திட்டத்தோடு என்னிடமும் வந்தார்கள். அது நடக்காது. கருவி கணக்கு வைத்திருப்பது ஓர் உடம்பின் நைட்ரஜனுக்கு. காலையில் நண்பர் கட்டிக்கொண்டு போய் வந்த கருவியை மதியம் நான் கட்டினால், அது எனக்குக் காட்டுவது அவருடைய மிச்சம். பேட்டரி மாற்றினாலும் பழைய நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும். அதனால் பறக்கக்கூடாத நேரம் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மாற்றுங்கள். சேர்ந்து வாங்க வேண்டும் என்றால் வெட்சூட்டைச் சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள், இதை ஆளுக்கொன்று.